தென்னாப்பிரிக்கக் கால்பந்து லீக்கின் வரலாறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் முதல் நிலைக் கால்பந்து லீக்கைப் பற்றி எங்கே படித்தாலும் "1996-ல் தொடங்கப்பட்டது" என்றுதான் போட்டிருக்கும். இப்போதிருக்கும் அமைப்புக்கு அந்த ஆண்டு சரி. ஆனால் லீக்கின் கதை அதற்கு வெகுமுன்பே தொடங்கிவிட்டது. அந்தப் பழைய கதை தெரியாவிட்டால் இன்று அங்கே நடப்பதில் பாதி புரியாது. அதனால்தான் இந்தப் பதில்களில் 1996-க்கு முந்தைய காலத்துக்கு நிறைய இடம் கொடுத்திருக்கிறேன்.

எந்த லீக்கைப் பற்றிப் பேசுகிறோம்? பி.எஸ்.எல். என்றால் பாகிஸ்தான் கிரிக்கெட் இல்லையா?

இங்கே பி.எஸ்.எல். என்றால் தென்னாப்பிரிக்காவின் பிரீமியர் சாக்கர் லீக். கிரிக்கெட் ரசிகர்களுக்குக் குழப்பம் வருவது இயல்புதான். பி.எஸ்.எல். என்பது லீக்கை நடத்தும் அமைப்பின் பெயர். போட்டியின் பெயர் ஸ்பான்சருக்குத் தகுந்தபடி மாறிக்கொண்டே வரும். முதலில் காஸில் பிரீமியர்ஷிப், 2007 முதல் ஆப்சா, 2020 முதல் டிஎஸ்டிவி, 2024 முதல் பெட்வே. மொத்தம் 16 அணிகள். ஒவ்வொன்றும் மற்ற 15 அணிகளுடன் சொந்த ஊரில் ஒருமுறையும் வெளியூரில் ஒருமுறையும் ஆடும், ஆக 30 ஆட்டங்கள். கடைசி இடத்தில் இருக்கும் அணி நேரடியாகக் கீழே இறங்கும். 15-ஆவது அணி, அடுத்த நிலை லீக்கில் இரண்டாம், மூன்றாம் இடம் பிடித்த அணிகளோடு மோதித் தன் இடத்தைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.

1996-க்கு முன்னால் அங்கே தேசிய லீக்கே இல்லையா?

இருந்தது, ஒன்றல்ல, பல. வெள்ளையர்களுக்கு ஒன்று, கறுப்பினத்தவருக்கு ஒன்று, இன வேறுபாடே கூடாது என்றவர்களுக்கு ஒன்று. 1948-ல் ஆட்சிக்கு வந்த தேசியக் கட்சி நிறவெறியைச் சட்டமாக்கியது. யார் எந்தப் பகுதியில் குடியிருக்கலாம் என்பதைக்கூட அரசே தீர்மானித்தது. கால்பந்துச் சங்கங்கள் அதற்கு முன்பே வெள்ளையர், ஆப்பிரிக்கர், இந்தியர், கலப்பினத்தவர் என்று பிரிந்துதான் கிடந்தன. சட்டம் வந்தபின் அந்தப் பிரிவு இன்னும் இறுகிப்போனது.

வெள்ளையர்களின் நேஷனல் ஃபுட்பால் லீக் 1959-ல் தொடங்கியது. நாட்டின் முதல் தொழில்முறை லீக் அதுதான். முதல் பட்டம் டர்பன் சிட்டிக்கு. ஜொகன்னஸ்பர்கின் ஹைலண்ட்ஸ் பார்க் பின்னர் அதில் கொடிகட்டிப் பறந்தது. நல்ல மைதானம், பத்திரிகைச் செய்தி, ஸ்பான்சர் பணம் எல்லாம் அந்த லீக்குக்குத்தான். ஆனால் அரங்கம் நிறையக் கூட்டம் வந்ததும் ஆட்டம் வளர்ந்ததும் சொவேட்டோ போன்ற கறுப்பினக் குடியிருப்புகளில். 1977-ல் அந்த லீக் தன் கடைசிப் பருவத்தை ஆடியது. அதே ஆண்டு பிரிட்டோரியாவின் ஆர்கேடியா அணி, தடையைப் பொருட்படுத்தாமல் வின்சென்ட் ஜூலியஸ் என்ற கறுப்பின வீரரைக் களமிறக்கியது. 1978-ல் வெள்ளையர் கிளப்புகள் பல, கறுப்பினத்தவரின் நேஷனல் புரொபஷனல் சாக்கர் லீக்கில் சேர்ந்தன.

அந்தக் காலத்தில் இனக்கலப்போடு ஆட யாரும் முயலவில்லையா?

முயன்றார்கள். என்னைப் பொறுத்தவரை இந்த வரலாற்றில் மிகப் பெருமைக்குரிய பகுதியே அதுதான். 1951-ல் ஆப்பிரிக்கர், இந்தியர், கலப்பினத்தவர் சங்கங்கள் சேர்ந்து தென்னாப்பிரிக்க சாக்கர் கூட்டமைப்பை உருவாக்கின. டர்பன் வழக்கறிஞர் ஜார்ஜ் சிங் அதன் முக்கியத் தூண்களில் ஒருவர். அந்தக் கூட்டமைப்பின் ஆதரவில் 1961-ல் தென்னாப்பிரிக்க சாக்கர் லீக் பிறந்தது. எந்த இனத்தவரும் எந்த அணிக்கும் ஆடலாம் என்பதே அதன் விதி. முதல் ஆண்டுப் பட்டம் டிரான்ஸ்வால் யுனைடெட்டுக்கு. டர்பனில் அதன் முக்கியமான களம் கரீஸ் ஃபவுண்டன் மைதானம். மக்கள் திரண்டு வந்தார்கள்.

அந்தக் கூட்டத்தைத்தான் அரசால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கால்பந்தை நேரடியாகத் தடை செய்யத் தேவையே இல்லாமல் போனது. மைதானங்கள் நகராட்சிகளின் கையில் இருந்தன, "தர முடியாது" என்றால் கதை முடிந்தது.

1963-ல் ஜொகன்னஸ்பர்கின் நடால்ஸ்ப்ரூட் இந்தியர் விளையாட்டு மைதானத்தில் நடந்ததைப் பாருங்கள். மொரோகா ஸ்வாலோஸுக்கும் பிளாக்பூல் யுனைடெட்டுக்கும் ஆட்டம். அதிகாரிகள் மைதானத்தைப் பூட்டிவிட்டார்கள். கோல் கம்பங்களையும் பிடுங்கி எடுத்துப் போய்விட்டார்கள். 15,000 பேர் அளவில் கூடியிருந்த கூட்டம் கலைந்து வீட்டுக்குப் போகவில்லை. வேலி ஏறிக் குதித்து உள்ளே போனது. வேறு கோல் கம்பங்கள் வந்தன, நட்டார்கள், ஆட்டம் நடந்தது, ஸ்வாலோஸ் ஜெயித்தது.

ஆனால் வாராவாரம் வேலி ஏறி ஒரு லீக்கை நடத்த முடியாது. மைதானம் கிடைக்காமல் 1966-ல் அது நின்றுபோனது. ஐந்தாறு ஆண்டுகள்தான் நடந்தது என்று இதை ஒதுக்கிவிடக் கூடாது. கறுப்பின, இந்திய, கலப்பின வீரர்கள் ஒரே தேசிய லீக்கில் சம்பளத்துக்கு ஆட முடியும், அதைக் காண மக்கள் காசு கொடுத்து வருவார்கள் என்று முதலில் நிரூபித்துக் காட்டியவர்கள் அவர்கள்.

ஃபிஃபா என்ன செய்துகொண்டிருந்தது?

ஆப்பிரிக்க நாடுகள்தான் முதலில் உறுதியாக நின்றன. 1957-ல் கார்ட்டூமில் முதல் ஆப்பிரிக்கக் கோப்பை நடந்தபோது, இனக்கலப்பு அணியை அனுப்பத் தென்னாப்பிரிக்கா மறுத்தது, அதனால் ஆடவில்லை. ஃபிஃபா 1961-ல் வெள்ளையர் சங்கத்தை இடைநீக்கம் செய்தது. ஆனால் ஃபிஃபா தலைவர் ஸ்டான்லி ரௌஸ் 1963 ஜனவரியில் நேரில் போய்ப் பார்த்துவிட்டு அந்தத் தடையை நீக்கப் பரிந்துரைத்தார், தடையும் நீங்கியது. நடால்ஸ்ப்ரூட்டில் மைதானத்தைப் பூட்டிய அதே ஆண்டு அது. ஆப்பிரிக்க, ஆசிய நாடுகள் விடவில்லை. 1964-ல் டோக்கியோ மாநாட்டில் மறுபடி தடை. 1976-ல் சொவேட்டோவில் மாணவர் எழுச்சி சுட்டு நசுக்கப்பட்ட பிறகு ஃபிஃபா ஒரேயடியாக வெளியேற்றியது.

1992-ல்தான் திரும்ப வந்தார்கள். அந்த ஜூலையில் டர்பனில் கேமரூனுக்கு எதிரான ஆட்டத்தில் டாக்டர் குமாலோ பெனால்டியில் அடித்த ஒரே கோலில் வெற்றி. டாக்டர் என்பது அவருடைய பட்டம் அல்ல, பெயர்.

கைசர் சீஃப்ஸ், ஒர்லாண்டோ பைரேட்ஸ் என்ற பெயர்கள்தான் எப்போதும் காதில் விழுகின்றன. ஏன்?

நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் இந்த இரண்டு அணிகளுக்கும் ரசிகர்கள் இருப்பார்கள். இரண்டுமே சொவேட்டோவில் வேர்விட்டவை. பைரேட்ஸ் 1937-ல் ஒர்லாண்டோ பகுதிச் சிறுவர்கள் சேர்ந்து உருவாக்கியது. கறுப்பு வெள்ளைச் சட்டை, மண்டையோட்டுச் சின்னம். சொவேட்டோவின் இன்னொரு பெரிய அணியான மொரோகா ஸ்வாலோஸ் 1947-ல் வந்தது.

சீஃப்ஸின் கதை கொஞ்சம் வேறு. கைசர் மோட்டாங் பைரேட்ஸ் வீரர். 1968-ல் அமெரிக்கா போய் அட்லாண்டா சீஃப்ஸ் அணிக்கு ஆடினார். ஊர் திரும்பியவர் 1970 ஜனவரியில் தன் பெயரையும் அட்லாண்டா அணியின் பெயரையும் சேர்த்துப் புது அணியைத் தொடங்கினார். கறுப்பும் பொன்னிறமும் கலந்த சட்டை, இரண்டு விரல் உயர்த்திக் காட்டும் சமாதானச் சைகை, நாகரிகமான தோற்றம். இளைஞர்கள் மொய்த்துக்கொண்டார்கள். 1971-ல் தொடங்கி நடந்த நேஷனல் புரொபஷனல் சாக்கர் லீக்கின் முதல் சில ஆண்டுகளில் பைரேட்ஸ் கை ஓங்கியிருந்தது. 1974-ல் சீஃப்ஸ் முதல் பட்டத்தை எடுத்தபின் போட்டி சூடுபிடித்தது. இன்றும் இவை மோதும் ஆட்டத்தை சொவேட்டோ டெர்பி என்பார்கள். அந்த ஆட்டத்தன்று மற்ற வேலை எதுவும் அங்கே நடக்காது.

அந்தக் காலத்து ஆட்டத்தின் மோகம் எவ்வளவு தூரம் போனது என்பதற்கு ஒரு சம்பவம் போதும். சீஃப்ஸின் மேலாளர் ஈவர்ட் நேனே, 1976-ல் நெல்சன் டிளாட்லா என்ற இளம் வீரரை ஒப்பந்தம் செய்யக் குவாத்தேமா குடியிருப்புக்குப் போன இடத்தில் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். டிளாட்லா அப்புறம் சீஃப்ஸுக்கு வந்து பெரிய நட்சத்திரமானார்.

1985-ல் ஏதோ பிளவு என்கிறார்களே, அது என்ன?

கிளப்புகளின் கலகம் என்றே சொல்லலாம். நேஷனல் புரொபஷனல் சாக்கர் லீக் ஜார்ஜ் தாபேயின் பிடியில் இருந்தது. பணமும் அதிகாரமும் ஒரே இடத்தில் குவிகின்றன, அரங்கத்தை நிரப்பும் கிளப்புகளுக்குச் சொல்லவே இடமில்லை என்ற கோபம் கொதித்தது. கைசர் மோட்டாங், அர்வின் கோசா, சிரில் கோபஸ் என்று பலர் முன்னின்று பெரிய கிளப்புகளை வெளியே கொண்டுவந்து நேஷனல் சாக்கர் லீக்கை அமைத்தார்கள். இதன் நிலைப்பாடு தெளிவானது: இன வேறுபாடு கிடையாது, நிறவெறி அரசோடு ஒட்டும் கிடையாது. முதல் பட்டம் டர்பன் புஷ் பக்ஸுக்கு.

இந்த லீக் செய்த பெரிய காரியம் சொந்தமாக ஒரு மைதானம். சொவேட்டோவின் ஓரத்தில் வங்கி ஒன்றின் ஆதரவோடு எஃப்.என்.பி. ஸ்டேடியத்தைக் கட்டி 1989-ல் திறந்தார்கள். மைதானம் மறுக்கப்பட்டே ஒரு லீக் செத்துப்போன நாட்டில் இது சின்ன விஷயம் இல்லை. நான்கு மாதம் கழித்து, 1990 பிப்ரவரியில், சிறையிலிருந்து வெளிவந்த மண்டேலாவை சொவேட்டோ மக்கள் வரவேற்றது இந்த மைதானத்தில்தான். 2010 உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம் நடந்ததும், திருத்திக் கட்டப்பட்ட இதே இடத்தில்.

லீக்குக்குக் கறை இல்லாமலும் இல்லை. 1990-களின் தொடக்கத்தில் அதன் முன்னணி நிர்வாகி ஒருவரே லீக்கின் பணத்தைத் திருடியதற்காகச் சிறைக்குப் போனார்.

எல்லாரும் அதில் சேர்ந்துவிட்டார்களா?

இல்லை. டர்பன், கேப் டவுன் பக்கத்து இந்திய, கலப்பினக் கிளப்புகள் பல, 1969-ல் தொடங்கிய கூட்டமைப்பு லீக்கில் தனியாக ஆடிக்கொண்டிருந்தன. "சமூகம் இயல்பாக இல்லாதபோது விளையாட்டு மட்டும் இயல்பாக இருக்க முடியாது" என்ற தென்னாப்பிரிக்க விளையாட்டுக் கழகத்தின் கொள்கை அவர்களுடையது. நிறவெறி ஆட்சி நீடிக்கும்வரை சமரசம் இல்லை, அரசு தரும் சலுகை எதையும் தொடமாட்டோம் என்று நின்றார்கள். இதற்கு அவர்கள் கொடுத்த விலை அதிகம். ஸ்பான்சர் குறைவு, டிவியில் காட்ட மாட்டார்கள், அருமையான ஆட்டக்காரர்களின் பெயர்கூடத் தங்கள் ஊரைத் தாண்டித் தெரியாமல் போனது.

கேப் டவுனின் சாண்டோஸ் அப்படி ஒரு அணி. டர்பனின் மேனிங் ரேஞ்சர்ஸ் இன்னொன்று. 1991 மார்ச்சில் பிரிந்து கிடந்த நான்கு தேசியச் சங்கங்களும் ஒன்றாகி சாஃபா என்ற ஒரே சங்கம் உருவானது. அதையொட்டித்தான் இந்த அணிகள் பொது லீக்குக்குள் வந்தன.

பி.எஸ்.எல்.-இன் முதல் சாம்பியன் யார்? அதற்கும் தமிழர்களுக்கும் தொடர்பு உண்டா?

1996-97 பருவம்தான் முதல் பி.எஸ்.எல். அப்போது 18 அணிகள். சீஃப்ஸ், பைரேட்ஸ், சண்டவுன்ஸ் என்று பண பலமும் படை பலமும் கொண்ட அணிகள் எல்லாம் இருக்க, பட்டத்தை எடுத்தது மேனிங் ரேஞ்சர்ஸ்.

தொடர்பு உண்டு. 1860-ல் சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் ஒப்பந்தக் கூலிகளோடு டர்பனில் கரை சேர்ந்தது. அப்புறம் அரை நூற்றாண்டு காலம் கப்பல் கப்பலாக ஆட்கள் போனார்கள். பெரும்பகுதியினர் தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். கரும்புத் தோட்டத்தில் வாடிய அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கால்பந்து பிடித்துப்போனது. 1903-லேயே தென்னாப்பிரிக்க இந்தியர் கால்பந்துச் சங்கம் அமைந்தது. மாகாணங்களுக்கு இடையே சாம் சைனா கோப்பைக்காகப் பல பத்தாண்டுகள் ஆடினார்கள். 1921-22-ல் ஆல்பர்ட் கிறிஸ்டோபர் தலைமையில் தென்னாப்பிரிக்க இந்தியர் அணி ஒன்று இந்தியாவுக்கே வந்து ஆடிவிட்டுப் போனது. 1934-ல் இந்திய அணி அங்கே போனது.

அந்த டர்பன் இந்தியச் சமூகத்துக்குள் 1928-ல் பிறந்த கிளப்தான் மேனிங் ரேஞ்சர்ஸ். அதன் களம் சாட்ஸ்வொர்த். அந்தச் சாட்ஸ்வொர்த்தே, நகரத்துக்குள் வாழ்ந்த இந்தியர்களை வீட்டைவிட்டு விரட்டி நிறவெறி அரசு கொண்டுபோய்க் குடிவைத்த இடம். 1997-ல் பட்டம் வென்ற அணியில் எல்லா இனத்து வீரர்களும் இருந்தார்கள், அதனால் அதை இந்தியர் அணி என்று குறுக்கிவிட வேண்டாம். ஆனால் ஏறத்தாழ 70 ஆண்டுகள் அந்தக் கிளப்பை உயிரோடு வைத்திருந்தது அந்த ஊர்ச் சனங்கள்தான். அடுத்த ஆண்டு அவர்கள் ஆப்பிரிக்க சாம்பியன்ஸ் லீக்கின் குழு ஆட்டங்கள் வரை போனார்கள். தமிழ் விளையாட்டுப் பக்கங்களில் இதைப் பற்றி ஒரு வரிகூடக் கண்ணில் படாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

பயிற்சியாளர் கோர்டன் இகெஸுண்ட். இவர் பிறகு பைரேட்ஸ் (2000-01), சாண்டோஸ் (2001-02), சண்டவுன்ஸ் (2006-07) அணிகளுக்கும் பட்டம் வாங்கிக் கொடுத்தார். நான்கு வெவ்வேறு கிளப்புகளோடு லீக்கை வென்றவர். அவற்றில் இரண்டு, பழைய கூட்டமைப்பு லீக்கிலிருந்து வந்தவை.

மேனிங் ரேஞ்சர்ஸ் இப்போது எங்கே? புள்ளிப் பட்டியலில் காணோமே?

அந்தக் கிளப் முதல் நிலையில் இல்லை. பணத் தட்டுப்பாட்டில் சிக்கி, 2006-ல் அதன் உரிமம் கேப் டவுன் நிதி நிறுவனம் ஒன்றுக்குக் கைமாறியது. பெயர் ஃபிடென்ஷியா ரேஞ்சர்ஸ் ஆனது, டர்பனை விட்டே போனது. அந்த நிதி நிறுவனமும் அடுத்த ஆண்டே மோசடிப் புகாரில் கவிழ, கிளப்பின் பெயர் இகாபா ஸ்போர்டிங் என்று மறுபடி மாறியது.

இது எப்படி நடக்கிறது? ஒரு அணி களத்தில் தோற்காமலேயே காணாமல் போகுமா?

போகும். இந்த லீக்கின் பெரிய குறை இதுதான் என்று நினைக்கிறேன். அங்கே முதல் நிலை லீக்கில் ஆடும் உரிமத்தை ஒரு சொத்துபோல விற்கலாம், வாங்கலாம். வாங்கியவர் பெயரை மாற்றலாம், சட்டை நிறத்தை மாற்றலாம், லீக்கின் அனுமதியோடு ஊரையும் மாற்றலாம். கீழ் நிலையிலிருந்து வருடக்கணக்காக ஆடி ஏறி வருவதற்குப் பதில், பணம் உள்ளவர் ஒரு இடத்தை விலைக்கு வாங்கிவிடுகிறார். 2002-ல் லீக்கே ஃப்ரீ ஸ்டேட் ஸ்டார்ஸ், ரியா ஸ்டார்ஸ் ஆகிய இரண்டு அணிகளின் உரிமத்தைப் பணம் கொடுத்து வாங்கி மூடித்தான் 18 அணிகளை 16 ஆக்கியது.

விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழக மாணவர்கள் 1921-ல் தொடங்கிய விட்ஸ், 2016-17-ல் லீக்கை வென்றது. நூறாண்டு நிறைவுக்கு ஒரு வருடம் இருக்கும்போது, 2020-ல், உரிமம் விற்கப்பட்டது. கிளப்பே இல்லாமல் போனது. வாங்கிய டிடிஎம் அணியும் அடுத்த ஆண்டே விற்றுவிட, மருமோ கேலண்ட்ஸ் வந்தது.

ப்ளூம்ஃபோன்டைன் ஊர்க்காரர்கள் பட்ட பாடு இன்னும் மோசம். 1969-ல் தொடங்கிய ப்ளூம்ஃபோன்டைன் செல்டிக் பெரிய பட்டங்களைக் குவித்த அணி அல்ல, ஆனால் அதன் ரசிகர்களின் பாட்டும் ஆட்டமும் நாடறிந்தவை. 2021-ல் அதை ராயல் ஏ.எம். என்ற அணி வாங்கிக் குவாஸூலு-நடாலுக்குக் கொண்டுபோனது. ஊரில் கொதிப்பு, கண்ணீர், பயனில்லை. அந்த ராயல் ஏ.எம்.மின் உரிமையாளர் பெரும் வரிப் பாக்கியில் மாட்ட, அணி வரித்துறையின் பிடிக்குள் போய், 2025-ல் லீக்கிலிருந்தே நீக்கப்பட்டது. அதனால் 2024-25 பருவம் 15 அணிகளோடு முடிந்தது. அதே 2025-ல் சூப்பர்ஸ்போர்ட் யுனைடெட்டும் விற்பனைக்கு வந்தது. 2008 முதல் 2010 வரை தொடர்ந்து மூன்று முறை லீக்கை வென்ற அணி அது. வாங்கியவர்கள் அதை ப்ளூம்ஃபோன்டைனுக்குக் கொண்டுபோய், செல்டிக் ரசிகர்கள் தங்களை அழைத்துக்கொள்ளும் சிவெலெலெ என்ற பெயரையே வைத்தார்கள். ப்ளூம்ஃபோன்டைனுக்கு மறுபடி ஒரு முதல் நிலை அணி கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம். ஆனால் அதற்காகப் பிரிட்டோரியாவில் ஒரு அணி மறைய வேண்டியிருந்தது.

சண்டவுன்ஸ் மட்டும் எப்படி வருடாவருடம் ஜெயிக்கிறது?

மாமலோடி சண்டவுன்ஸ் 1970-ல் பிரிட்டோரியாவின் மராபஸ்டாடில் உருவானது. எல்லா இனத்தவரும் கலந்து வாழ்ந்த பகுதி அது. 1980-களில் ஸோலா மஹோபே என்ற தொழிலதிபர் வாங்கி, பிரேசில் அணி போல மஞ்சள் சட்டையும் நீலக் கால்சட்டையும் கொடுத்து, பணத்தை வாரி இறைத்துப் பெரிய அணியாக்கினார். பிறகுதான் தெரிந்தது, பணம் வங்கியிலிருந்து திருடியது. அங்கே வேலை பார்த்த அவருடைய காதலியின் உதவியோடு நடந்த திருட்டு. இருவரும் சிறை சென்றார்கள். கிளப் கொஞ்ச காலம் அந்த வங்கியின் கையிலேயே இருந்தது. 2000-களின் தொடக்கத்தில் சுரங்கத் தொழிலதிபர் பட்ரீஸ் மோட்செபே கைக்கு வந்தது. அவர் 2021-ல் ஆப்பிரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவரானதும் மகன் பொறுப்பேற்றார்.

பணம் பெரிய காரணம், மறுப்பதற்கில்லை. மற்ற அணிகளின் நல்ல வீரர்களை வாங்கி உட்கார வைக்கும் வசதி வேறு யாருக்கும் இல்லை. ஆனால் பணத்தால் மட்டும் வந்ததும் இல்லை. 2012 இறுதியில் வந்த பிட்சோ மோசிமானே என்ற பயிற்சியாளர் அணியை அடித்தளத்திலிருந்து மாற்றினார். 2016-ல் எகிப்தின் ஸமாலெக்கை இரண்டு ஆட்டங்களில் மொத்தம் 3-1 என வென்று ஆப்பிரிக்க சாம்பியன்ஸ் லீக்கை எடுத்தார்கள். உள்நாட்டில் 2017-18 முதல் 2024-25 வரை எட்டு முறை தொடர்ந்து பட்டம். பி.எஸ்.எல். காலத்தில் மட்டும் அதுவரை 15 பட்டங்கள். இதே காலத்தில் சீஃப்ஸும் பைரேட்ஸும் ஆளுக்கு நான்கு.

சீஃப்ஸ் கடைசியாக லீக்கை வெல்ல நெருங்கியது எப்போது?

2019-20-ல். கிளப்பின் 50-ஆம் ஆண்டு. பருவத்தின் பெரும்பகுதி முதலிடத்தில் இருந்தார்கள். கொரோனாவால் ஆட்டம் நின்று, பிறகு கௌடெங் மாகாணத்துக்குள் ரசிகர்கள் இல்லாத அரங்கங்களில் மிச்ச ஆட்டங்கள் நடந்தன. 2020 செப்டம்பர் 5, கடைசி நாள். சீஃப்ஸும் சண்டவுன்ஸும் சம புள்ளிகள், கோல் வித்தியாசத்தில் சீஃப்ஸ் மேலே. பரோகாவோடு ஆட்டம். ஜெயித்தால் பெரும்பாலும் பட்டம். 1-0 என முன்னிலை. இரண்டாம் பாதியில் பரோகா சமன் செய்தது, அப்படியே 1-1. அதே நேரத்தில் வேறு மைதானத்தில் சண்டவுன்ஸ் பிளாக் லெப்பர்ட்ஸை 3-0 என வீழ்த்தியது. லட்சக்கணக்கான சீஃப்ஸ் ரசிகர்கள் அதை வீட்டில் உட்கார்ந்து டிவியில் பார்த்தார்கள். 2014-15-க்குப் பிறகு லீக் பட்டம் இல்லாமலே தவித்த அந்த அணி, 2025 மே மாதம் பைரேட்ஸை 2-1 என வென்று, லீக்குக்கு வெளியே நடக்கும் நாக்அவுட் போட்டியான நெட்பேங்க் கோப்பையை எடுத்தது. பத்து ஆண்டுகளில் அவர்களுக்குக் கிடைத்த முதல் கோப்பை.

அரங்க விபத்துகள் நடந்ததாகப் படித்தேன். உண்மையா?

உண்மை, இரண்டுமே சீஃப்ஸ்-பைரேட்ஸ் ஆட்டங்களில். 1991 ஜனவரி 13-ல் ஆர்க்னி என்ற சுரங்க ஊரில் நட்பு ஆட்டம். இரு அணி ரசிகர்களையும் பிரித்து உட்கார வைக்கவில்லை. ஒரு கோலை ஒட்டிச் சண்டை மூள, பயந்து ஓடியவர்கள் வேலியில் நசுங்கி 42 பேர் இறந்தார்கள்.

2001 ஏப்ரல் 11, ஜொகன்னஸ்பர்க் எல்லிஸ் பார்க், லீக் ஆட்டம். சுமார் 60,000 பேர் கொள்ளும் அரங்கம் நிரம்பிவிட்டது, வெளியே இன்னும் பல்லாயிரம் பேர். ஆட்டம் தொடங்கிய சத்தம் கேட்டதும் முண்டியடித்தார்கள். 43 பேர் மிதிபட்டும் நசுங்கியும் இறந்தார்கள். ஆட்டம் பாதியில் நின்றது. நீதிபதி ங்கோபே தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. எவ்வளவு கூட்டம் வரும் என்று சரியாகக் கணிக்காதது, பாதுகாப்புப் பொறுப்பில் இருந்தவர்களுக்குள் ஒருங்கிணைப்பு இல்லாதது எல்லாம் வெளியே வந்தன. பத்து ஆண்டுகளுக்கு முன் ஆர்க்னியில் அத்தனை உயிர்கள் போயும் பாடம் ஏறவில்லை என்பதை ஜீரணிக்க முடியவில்லை.

வருமானம் எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலும் டிவியிலிருந்து. 2007-ல் சூப்பர்ஸ்போர்ட் சேனலோடு ஐந்தாண்டுக்கு 160 கோடி ராண்ட் ஒப்பந்தம் போட்டார்கள். ஆப்பிரிக்காவில் வேறு எந்த லீக்கும் அன்று நினைத்துப் பார்க்க முடியாத தொகை. சம்பளம் உயர்ந்தது, அந்தப் பகுதி நாடுகளான ஜிம்பாப்வே, ஜாம்பியா, நமீபியா வீரர்கள் இங்கே வர ஆசைப்பட்டார்கள். நல்ல ஆட்டக்காரர்கள் ஐரோப்பாவுக்குப் போவதைவிட உள்ளூரிலேயே தங்குவதும் இதனால் கூடியது. பெரிய ஆட்டங்களைத் தவிர மற்றவற்றில் இருக்கைகள் காலியாகக் கிடப்பது மட்டும் மாறவில்லை.

ரசிகர்கள் தலையில் அலங்காரமான ஹெல்மெட் போட்டிருக்கிறார்களே?

அதன் பெயர் மகராபா. சுரங்கத் தொழிலாளர்கள் அணியும் பிளாஸ்டிக் ஹெல்மெட்டை வெட்டி, வளைத்து நிமிர்த்தி, அணியின் சின்னத்தையும் வீரர்களின் உருவத்தையும் வண்ணத்தில் தீட்டுவார்கள். சீஃப்ஸ் ரசிகரான ஆல்ஃபிரட் பலோயி 1970-களின் இறுதியில் செய்யத் தொடங்கியது. அரங்கத்தில் பாட்டில் பறந்து வரும் காலம் அது, தலையைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் முதலில் போட்டார். 2010-ல் உலகம் கேட்ட வுவுசெலா ஊதுகுழலும் இந்த லீக்கின் அரங்கங்களிலிருந்து போனதுதான்.

இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் பின்தொடர வேண்டும் என்றால்?

நேரம் நமக்கு வசதியானதுதான். தென்னாப்பிரிக்கா நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால். அங்கே மாலை 3.30 ஆட்டம் நமக்கு இரவு 7 மணி, இரவு 7.30 ஆட்டம் நமக்கு 11 மணி. பருவம் ஆகஸ்ட் வாக்கில் தொடங்கி மே மாதம் முடியும். புதிதாகப் பார்ப்பவர் சொவேட்டோ டெர்பியிலிருந்து தொடங்கட்டும். ஒரு பருவத்தில் லீக்கில் மட்டும் இரண்டு முறை வரும். அப்புறம் டர்பன் அணிகளின் ஆட்டங்களைத் தேடுங்கள். அமாஸூலு, கோல்டன் ஆரோஸ் இரண்டும் அந்த ஊர்தான்.